விமானப் போக்குவரத்து ஆணையம் என்னதான் செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விமானம் அவசரமாகத் தரையிறங்கினாலும் சரி, ஒரு ஏர்லைன்ஸ் மூடப்பட்டாலும் சரி, உடனே வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான்: “இதையெல்லாம் பார்க்க ஒரு அமைப்பு இருக்கிறதே, அது என்ன செய்துகொண்டிருந்தது?” அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். நாட்டுக்கு நாடு பெயர் மாறுவதால், சிவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் தேசிய அமைப்பை இந்தப் பக்கம் முழுக்க ‘ஆணையம்’ என்றே குறிப்பிடுகிறோம்.

“ஆணையம் ஆணையம்னு செய்தியில சொல்றாங்களே, அவங்கதான் விமானத்தை ஓட்டுறாங்களா?”

இல்லை. ஆணையம் விமானம் ஓட்டாது, டிக்கெட் விற்காது, பழுதும் பார்க்காது. இவற்றையெல்லாம் செய்பவர்களுக்கு அனுமதி கொடுக்கும். கொடுத்த அனுமதிப்படி நடக்கிறார்களா என்று பார்க்கும். நடக்காவிட்டால் அனுமதியைப் பிடுங்கும். அமெரிக்காவில் எஃப்ஏஏ, இந்தியாவில் டிஜிசிஏ, பிரிட்டன், இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் என்ற பெயரில் இயங்குபவை, எல்லாம் இந்த வகைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது: ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கும், ஒன்றியத்தின் பொது அமைப்பான ஈயாசா ஒரு பக்கம், உறுப்பு நாடுகளின் ஆணையங்கள் மறுபக்கம்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாம், பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே பதில். பாதுகாப்பின் முதல் பொறுப்பு ஏர்லைன்ஸுடையது. சான்று வாங்கும்போதே “விதிப்படி நடப்பேன்” என்று அந்த நிறுவனத்தின் பொறுப்பு மேலாளர், அதாவது நிறுவனத்தின் சார்பில் பதில்சொல்ல வேண்டியவர், கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்தை நம்பலாமா என்று தொடர்ந்து சோதிப்பது ஆணையத்தின் பாடு.

“அப்ப ஏர்போர்ட், டவர், செக்யூரிட்டி செக்கிங் எல்லாமே இவங்க கையிலதானே?”

பெரும்பாலான நாடுகளில் இல்லை. டவர் செய்கிற விமானக் கட்டுப்பாட்டை ஒருவர் நடத்துவார், விமான நிலையத்தை இன்னொருவர் நடத்துவார், பயணிகள் சோதனை வேறொரு துறையிடம் இருக்கும். இந்தியாவில் டவரும் பல விமான நிலையங்களும் விமான நிலைய ஆணையம் என்ற வேறொரு அமைப்பிடம் உள்ளன; பாதுகாப்புச் சோதனைக்கான விதிகளை பிசிஏஎஸ் என்ற தனி அமைப்பு வகுக்கிறது. கனடாவில் 1996 முதல் விமானக் கட்டுப்பாட்டை லாப நோக்கில்லாத ஒரு தனியார் நிறுவனம் நடத்துகிறது. அமெரிக்காவோ விதிவிலக்கு: அங்கே எஃப்ஏஏயே விதியும் போடுகிறது, கட்டுப்பாட்டு அறைகளையும் நடத்துகிறது.

பிரித்து வைப்பதற்குக் காரணம் எளிமையானது. தன் வேலையைத் தானே திருத்துகிறவர் மதிப்பெண்ணைக் குறைத்துப் போடமாட்டார். ஓடுபாதை விளக்கு எரியவில்லை என்றால் அதைச் சரிசெய்ய வேண்டியவரும், சரிசெய்தாரா என்று கேட்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும்.

“ஒவ்வொரு நாடும் இஷ்டத்துக்கு விதி போட்டுக்கலாமா?”

அடித்தளம் எல்லோருக்கும் பொது. 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கைதான் அது. அதன்படி உருவான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ கனடாவின் மாண்ட்ரியல் நகரில் இயங்குகிறது. 193 நாடுகள் உறுப்பினர்கள். உடன்படிக்கைக்கு 19 இணைப்புகள் உண்டு. பைலட் உரிமம் 1ஆம் இணைப்பில், விமான இயக்கம் 6இல், பறக்கும் தகுதி 8இல், விபத்து விசாரணை 13இல், விமான நிலையங்கள் 14இல் வரும். கடைசியாகச் சேர்ந்த 19ஆம் இணைப்பு, பாதுகாப்பு மேலாண்மை, 2013இல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் ஐசிஏஓ எந்த ஏர்லைன்ஸையும் நேரடியாகத் தண்டிக்க முடியாது. அதன் தரநிலைகளைத் தன் சட்டமாக ஒவ்வொரு நாடும் எழுதிக்கொள்ள வேண்டும். ஏதாவது ஒரு தரநிலை தனக்கு ஒத்துவராது என்றால், உடன்படிக்கையின் 38ஆம் பிரிவின்படி அந்த வேறுபாட்டை ஐசிஏஓவுக்குத் தெரிவித்துவிட வேண்டும். ஆக, கடுமையாகப் போட்டுக்கொள்ளலாம். தளர்த்தினால் ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் தளர்த்த வேண்டும். நடுக்கடலின் மேல் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஐசிஏஓ விதி அப்படியே செல்லும்.

“ஒரு விமானம் பறக்க என்னென்ன பேப்பர் வேணும்?”

மூன்று அடுக்காக யோசித்தால் குழம்பாது. முதலாவது வகைச் சான்று. அது ஒரு ரகத்துக்கே உரியது. வடிவமைத்த நிறுவனம் தன் நாட்டு ஆணையத்திடம் வாங்கும். பயணிகள் அனைவரும், பாதி வாசல்கள் மட்டுமே திறந்திருக்க, இருட்டில், 90 விநாடிக்குள் வெளியேற முடியும் என்று காட்டும் சோதனை இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. இரண்டாவது பதிவு. வாலருகே பெரிதாக எழுதியிருக்கும் எழுத்துகள் அதைத்தான் சொல்கின்றன: ‘விடி’ என்று தொடங்கினால் இந்தியா, ‘4ஆர்’ இலங்கை, ‘9வி’ சிங்கப்பூர், ‘என்’ அமெரிக்கா. ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிவாகியிருக்க முடியாது. மூன்றாவது பறக்கும் தகுதிச் சான்று. இந்தக் குறிப்பிட்ட விமானம், இந்த வரிசை எண் கொண்டது, அங்கீகரிக்கப்பட்ட வடிவமைப்போடு ஒத்துப்போகிறது, பறக்கும் நிலையில் இருக்கிறது என்பதற்கான கையெழுத்து அது.

பன்னாட்டுப் பயணத்தில் இவற்றோடு பணிக்குழுவின் உரிமங்கள், பயணப் பதிவேடு, ரேடியோ உரிமம், பயணிகள் பட்டியல், சரக்குப் பட்டியல் ஆகியவையும் விமானத்தில் இருக்க வேண்டும் என்று சிகாகோ உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு தாள் காணவில்லை என்பதற்காக விமானம் நிற்கிற காட்சி நடப்பதுதான்.

“பணம் இருந்தா ஏர்லைன்ஸ் ஆரம்பிச்சிடலாமா?”

விமானம் வாங்கலாம். பயணிகளை ஏற்றிக் காசு வாங்க ஏஓசி என்கிற, விமானச் சேவை நடத்துவோருக்கான சான்று வேண்டும். அதை வாங்குவது ஐந்து கட்டம்: முன்பேச்சு, முறையான விண்ணப்பம், ஆவணச் சரிபார்ப்பு, செய்து காட்டல், சான்று வழங்கல். முன்பேச்சிலேயே பொறுப்பு மேலாளர், பறப்பு இயக்கத் தலைவர், பராமரிப்புத் தலைவர், பயிற்சித் தலைவர், பாதுகாப்புத் தலைவர் யார் யார் என்று பெயரோடு சொல்ல வேண்டும். ஆணையம் அவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும். விண்ணப்பத்தோடு இணக்க அறிக்கை ஒன்றும் கொடுக்க வேண்டும்: விதிப் புத்தகத்தின் ஒவ்வொரு பத்திக்கும் எதிரே, அதை எங்கள் கையேட்டின் எந்தப் பக்கத்தில் நிறைவேற்றுகிறோம் என்ற குறிப்பு.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது மூன்றாம் கட்டத்தில். வேறொரு நிறுவனத்தின் கையேட்டை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். நானூறாவது பக்கத்தில் பழைய பெயர் சிரித்துக்கொண்டிருக்கும். தங்கள் விமானத்தில் இல்லாத கருவியை எப்படி இயக்குவது என்று விளக்கம் இருக்கும். பராமரிப்புக் கையேட்டில் ஒரு நடைமுறை, பறப்புக் கையேட்டில் அதற்கு நேர்மாறு. ஒவ்வொன்றும் திரும்பி வரும், ஒவ்வொன்றும் வாரங்களைத் தின்னும்.

நான்காம் கட்டத்தில் காகிதம் போதாது. கதவைத் திறந்து, சறுக்குப் பாதையை விரித்துக் காட்ட வேண்டும். அமெரிக்க விதிப்படி அதற்கு 15 விநாடிதான். பிறகு கட்டணப் பயணிகள் இல்லாத சோதனைப் பயணங்கள். உள்ளே ஆய்வாளர் உட்கார்ந்திருப்பார். நடுவழியில் “நீங்கள் போகும் விமான நிலையம் இப்போது மூடிவிட்டது” என்று ஒரு சீட்டை நீட்டுவார். மாற்று நிலையம் எது, எரிபொருள் போதுமா, தரைப் பணியாளருக்கு யார் சொல்வது, பயணிகளுக்கு யார் சொல்வது என்று மொத்த நிறுவனமும் ஓடும் ஓட்டத்தைப் பார்ப்பதுதான் நோக்கம். தேறினால் ஏஓசியும், கூடவே இயக்க விவரப் பட்டியலும் கிடைக்கும். எந்த ரகம், எந்தப் பகுதிகள், பனிமூட்டத்தில் இறங்கலாமா, அபாயகரமான சரக்கு ஏற்றலாமா எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். அதில் இல்லாததைச் செய்தால் சான்று இருந்தும் இல்லாத கணக்கு.

“பைலட் லைசென்ஸ் ஒரு தடவ வாங்கினா போதுமா?”

உரிமம் கையில் இருப்பதும் இன்று பறக்கலாம் என்பதும் வேறு. ஐசிஏஓவின் குறைந்தபட்ச அளவு வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட தொடர்பயிற்சியில் படித்தால் 150. பெரிய விமானத்தில் கேப்டனாக உட்காரத் தேவையான உரிமத்துக்கு 1500 மணி நேரம். இவை வாங்குவதற்கான கணக்கு மட்டுமே.

வாங்கிய பிறகு நான்கு கடிகாரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மருத்துவச் சான்று பொதுவாக 12 மாதம் செல்லும், 60 வயதைத் தாண்டினால் 6 மாதம். திறன் சோதனை ஆண்டுக்கு இரண்டு. ஒரே மாதிரியான இரண்டு சோதனைகளை நான்கு மாதத்துக்குள் அடுத்தடுத்து முடித்துவிட்டு ஆண்டுக் கணக்கைத் தீர்த்துவிட முடியாது. கடந்த 90 நாளில் மூன்று முறை புறப்பட்டு, மூன்று முறை இறங்கியிருக்க வேண்டும், சிமுலேட்டரிலும் செய்யலாம். ரேடியோ பேச்சுக்கான ஆங்கிலத் தேர்வில் நான்காம் நிலை கட்டாயம், அதை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் எழுத வேண்டும். ஆறாம் நிலையில் தேறியவருக்கு மறுதேர்வு இல்லை. இதில் ஒரு கடிகாரம் நின்றாலும் அன்றைக்கு அவர் பயணியாகத்தான் ஏற முடியும்.

“வெளிநாட்டுல வாங்கின லைசென்ஸ் இங்க செல்லுமா?”

நேரடியாகச் செல்லாது. விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டு ஆணையம் கொடுத்த உரிமம், அல்லது அந்த ஆணையம் ஏற்றுக்கொண்ட உரிமம் வேண்டும். ஏற்பதில் இரண்டு வழி. ஒன்று, வெளிநாட்டு உரிமத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லுபடியாக்குவது. மூல உரிமம் காலாவதியானால் இதுவும் போய்விடும். மற்றொன்று, விமானச் சட்டம் போன்ற பாடங்களில் தேர்வெழுதி, மருத்துவமும் திறன் சோதனையும் முடித்து உள்நாட்டு உரிமமாகவே மாற்றிக்கொள்வது.

தாமதமாவது பெரும்பாலும் தேர்வால் அல்ல, சரிபார்ப்புக் கடிதத்தால். மூல உரிமம் கொடுத்த ஆணையம் “ஆம், இது எங்கள் உரிமம்தான், நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை” என்று நேரடியாக எழுத வேண்டும். விண்ணப்பதாரர் கையில் கொண்டுவரும் கடிதத்தை ஏற்பதில்லை. போலி மணிக்கணக்கோடு வருகிறவர்கள் உண்டு என்பதால் இந்தக் கெடுபிடி நியாயமானதுதான்.

“ஒவ்வொரு விமானம் கிளம்பும்போதும் ஆணையத்து ஆள் வந்து செக் பண்ணுவாரா?”

மாட்டார், முடியவும் முடியாது. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் பொறுப்பு, பராமரிப்பு விடுவிப்பில், அதாவது விமானம் பறக்கத் தயார் என்ற சான்றில், கையெழுத்திடும் பொறியாளரும், விமானத்தை ஏற்றுக்கொள்ளும் கேப்டனும். ஆணையம் செய்வது திட்டமிட்ட தணிக்கையும் சொல்லாமல் வரும் நிறுத்துமிடச் சோதனையும்.

நிறுத்துமிடச் சோதனை எப்படி இருக்கும் என்றால்: விமானம் வந்து நின்று, அடுத்த பயணத்துக்குத் தயாராகும் இடைவெளியில் இரண்டு ஆய்வாளர்கள் ஏறுவார்கள். ஒருவர் காக்பிட்டுக்குள் போய் உரிமம், மருத்துவச் சான்று, தொழில்நுட்பப் பதிவேடு, வரைபடங்களின் பதிப்புத் தேதி, எரிபொருள் கணக்கு பார்ப்பார். மற்றவர் டார்ச்சோடு கீழே: டயர் தேய்மானம், எண்ணெய்க் கசிவு, காணாமல்போன திருகு, சரக்கறை வலை கிழிந்திருக்கிறதா என்பது. கேபினில் தீயணைப்பானின் தேதி, உயிர்காப்பு உடைகள் இருக்கையடியில் உண்மையிலேயே இருக்கின்றனவா, அவசர வாசல் முன்னால் பெட்டி ஏதாவது அடைத்துக்கொண்டிருக்கிறதா. கசிவு கண்டவுடன் ‘நிறுத்து’ என்று சொல்லிவிட மாட்டார்கள். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழலாம் என்று தயாரிப்பாளரின் கையேட்டில் எல்லை இருக்கும். எண்ணிப் பார்ப்பார்கள். காரணமில்லாமல் விமானத்தைத் தாமதப்படுத்தக்கூடாது என்பதும் ஆய்வாளருக்கான விதியே.

“ஏதோ ரிப்பேரோட விமானத்த ஓட்டினாங்கன்னு படிச்சேன். இதுக்கு அனுமதி உண்டா?”

உண்டு, எழுதிவைத்த எல்லைக்குள். எம்இஎல் என்கிற குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் இதற்காகத்தான். எந்தெந்தக் கருவிகள் மட்டும் வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம், அதற்கு ஈடாக என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். தயாரிப்பாளரின் மூலப் பட்டியலை வடிவமைப்பு நாட்டு ஆணையம் ஒப்புக்கொள்ளும். ஏர்லைன்ஸ் அதைவிடத் தளர்வில்லாமல் தன் பட்டியலைத் தயாரித்துத் தன் ஆணையத்திடம் அனுமதி வாங்கும். இறக்கையும் எஞ்சினும் மாதிரி இன்றியமையாதவை பட்டியலிலேயே வராது. அப்படிப் பட்டியலில் இல்லாத ஒன்று பழுதானால் பறக்கவே கூடாது.

கெடு நான்கு வகை. பி என்றால் 3 நாள், சி என்றால் 10 நாள், டி என்றால் 120 நாள், ஏ என்றால் அந்த உருப்படிக்கு எதிரே எழுதியிருக்கும் தனிக் கெடு. தேதி எண்ணுவதில்தான் தகராறு வரும். குறையைப் பதிவுசெய்த நாளைச் சேர்க்கக்கூடாது. 10ஆம் தேதி காலை எழுதிய பி வகைக் குறைக்கு 10ஆம் தேதி நள்ளிரவிலிருந்து கடிகாரம் ஓடும். 13ஆம் தேதி நள்ளிரவோடு முடியும். அதற்குமேல் ஒரு புறப்பாடு நடந்தாலும் விதிமீறல்.

சில இடங்களில் நடக்கும் தில்லுமுல்லு இது: பத்தாம் நாள் குறையைச் ‘சரிசெய்துவிட்டோம்’ என்று மூடி, பதினோராம் நாள் அதே குறையைப் புதிதாகத் திறப்பது. ஆய்வாளர் பதிவேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்காமல் மாதக்கணக்கில் பின்னோக்கிப் புரட்டுவதற்குக் காரணம் இதுதான்.

“தப்பு கண்டுபிடிச்சா உடனே லைசென்ஸ ரத்து பண்ணலாமே?”

குறையின் கனத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய முறையில் முதல்நிலைக் குறை என்றால் பறத்தலின் பாதுகாப்பே ஆட்டம் கண்டிருக்கிறது; அனுமதியை உடனே முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்துவார்கள். இரண்டாம் நிலைக் குறைக்கு முதலில் அதிகபட்சம் மூன்று மாத அவகாசம். எடுத்தவுடன் ரத்து செய்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வழக்கில் நிற்க வேண்டுமானால் ஆதாரமும், நிறுவனத்துக்குப் பதில்சொல்ல வாய்ப்பும் தேவை.

நிறுவனங்கள் தடுமாறுவது மூலகாரணம் எழுதுவதில். தேதி முடிந்த தீயணைப்பான் ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ‘மாற்றிவிட்டோம்’ என்று பதில் வந்தால் ஆணையம் ஏற்காது. கண்காணிப்புப் பட்டியலில் அந்த வரிசை எண் ஏன் விழவில்லை, அதே நாளில் வாங்கிய மற்ற தீயணைப்பான்கள் எந்த விமானங்களில் இருக்கின்றன, அவற்றைப் பார்த்தாயிற்றா என்று கேட்கும். ‘ஊழியரின் கவனக்குறைவு, எச்சரிக்கப்பட்டார்’ என்பது எல்லாக் குறைக்கும் எழுதப்படும் பதில். அநேகமாக எப்போதும் தவறான பதில்.

“ஒரு ரக விமானத்தையே எல்லா நாடும் நிறுத்துறாங்களே, அந்த முடிவு யாரோடது?”

வழக்கமான பாதை ஏடி எனப்படும் பறக்கும் தகுதி ஆணை. தயாரிப்பாளர் வெளியிடும் சேவை அறிவிப்பு ஓர் ஆலோசனை. அதையே ஆணையம் ஏடியாக வெளியிட்டால் சட்டம். எந்த வரிசை எண்கள், என்ன ஆய்வு, எத்தனை மணி நேரத்துக்குள் என்று அதில் இருக்கும். 2024 ஜனவரி 5 அன்று ஒரு போயிங் 737-9 ரக விமானத்தில் பயன்படாத வாசலை மூடியிருந்த அடைப்புக் கதவு நடுவானில் பிய்ந்து போனதும், மறுநாளே எஃப்ஏஏ அவசர ஏடி போட்டு 171 விமானங்களை நிறுத்தியது. வடிவமைப்பு நாட்டின் ஏடியைப் பதிவு நாடுகள் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

ஆனால் வடிவமைப்பு நாட்டுக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்த 737 மேக்ஸ் விஷயத்தில், இரண்டாம் விபத்து நடந்தது 2019 மார்ச் 10. மறுநாளே சீன ஆணையம் நிறுத்தியது, 12ஆம் தேதி ஐரோப்பா நிறுத்தியது. வடிவமைப்பு நாடான அமெரிக்கா நிறுத்தியது 13ஆம் தேதி. திரும்பப் பறக்கவிட்டதும் தனித்தனியாகத்தான்: எஃப்ஏஏ 2020 நவம்பர் 18, ஈயாசா 2021 ஜனவரி 27. தன் வானத்துக்குள் எது பறக்கலாம் என்பது அந்தந்த நாட்டின் முடிவு.

“விபத்து நடந்தா ஆணையமே விசாரிச்சுக்குமா?”

கூடாது. ஆணையத்தின் அனுமதியோ கண்காணிப்போ பிழையா என்பதும் விசாரணைக்கு உட்பட்டது. இரண்டாம் கேள்வியில் சொன்ன மதிப்பெண் கதைதான் இங்கும். அதனால் 13ஆம் இணைப்பு சுதந்திரமான விசாரணை அமைப்பைக் கேட்கிறது. விபத்து நடந்த நாடு விசாரணையை நடத்தும். பதிவு நாடு, இயக்கும் நாடு, வடிவமைத்த நாடு, தயாரித்த நாடு ஆகியவை பிரதிநிதியை அனுப்பலாம். முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாள், இறுதி அறிக்கை முடிந்தவரை 12 மாதத்துக்குள்.

அந்த அறிக்கை யார் குற்றவாளி என்று சொல்வதற்கல்ல; மீண்டும் நடக்காமல் தடுப்பதற்கு. அதன் பரிந்துரைகளை ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் கையில், ஆனால் மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

“தப்பு பண்ணினவரே வந்து சொன்னா அவரையும் தண்டிப்பாங்களா?”

தண்டித்தால் அடுத்தவர் வாயைத் திறக்கமாட்டார். அதனால் தெரியாமல் செய்த பிழையைத் தானே அறிவிப்பவருக்குப் பல நாடுகளில் காப்பு உண்டு. அமெரிக்காவில் 1976 முதல் இந்த அறிக்கைகளைப் பெறுவது எஃப்ஏஏ அல்ல, விண்வெளி அமைப்பான நாசா. தண்டிக்கும் கை வேறு, கேட்கும் காது வேறு. 10 நாளுக்குள் அறிவித்திருந்தால், விதிமீறல் என்று முடிவானாலும் அபராதமோ உரிம நிறுத்தமோ பொதுவாக விதிக்கப்படாது. ஐரோப்பாவில் கட்டாய அறிவிப்புக்குக் கெடு 72 மணி நேரம். வேண்டுமென்றே செய்தது, குடித்துவிட்டு வந்தது, அப்பட்டமான அலட்சியம் இவற்றுக்கெல்லாம் இந்தக் குடை பிடிக்காது.

“டிக்கெட் விலை, லேட், பெட்டி உடைஞ்சது, இதுக்கெல்லாம் ஆணையத்துக்கு எழுதலாமா?”

விலையை நிர்ணயிப்பது இன்று பெரும்பாலான நாடுகளில் ஆணையத்தின் வேலை இல்லை; அமெரிக்கா 1978லேயே அந்தக் கட்டுப்பாட்டைச் சட்டம் போட்டு எடுத்துவிட்டது. தாமதம், ரத்து இவற்றுக்கு நாட்டைப் பொறுத்து ஆணையமோ நுகர்வோர் அமைப்போ பொறுப்பு. எங்கே எழுதுவதானாலும் முதலில் ஏர்லைன்ஸிடம் எழுத்தில் கொடுங்கள். 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், ஒப்படைத்த பெட்டி சேதமானால் கையில் கிடைத்த 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் 21 நாளுக்குள் எழுத்துப் புகார் போயிருக்க வேண்டும். நாள் தாண்டினால் நியாயம் இருந்தும் பயனில்லை.

பாதுகாப்பு சம்பந்தமாகக் கண்டதை எழுதுவதானால் தேதி, விமான எண், இருக்கை எண், முடிந்தால் வாலருகே உள்ள பதிவெழுத்து, என்ன பார்த்தீர்கள், எப்போது என்பதை மட்டும் எழுதுங்கள். பதிவெழுத்து இருந்தால் ஆய்வாளர் அன்றைய தொழில்நுட்பப் பதிவேட்டை நேராக எடுத்துவிடுவார்.

“வாடகைக்கு எடுத்த விமானம், பதிவு ஒரு நாடு, ஓட்டுறது இன்னொரு நாடு. யாரு பொறுப்பு?”

விமானத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து, தன் பணிக்குழுவோடு தன் ஏஓசியில் ஓட்டினால் இயக்கத்தை இயக்கும் நாடு பார்க்கும். பறக்கும் தகுதியும் பணிக்குழு உரிமமும் பதிவு நாட்டின் பொறுப்பு. நடைமுறையில் இது தலைவலி, ஏனென்றால் பதிவு நாட்டு ஆய்வாளர் அந்த விமானத்தைக் கண்ணால் பார்த்தே ஆண்டுகள் ஆகியிருக்கலாம். சிகாகோ உடன்படிக்கையில் 1980இல் சேர்க்கப்பட்டு 1997இல் அமலுக்கு வந்த 83 பிஸ் பிரிவு இதைத் தீர்க்கிறது: இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு அந்தப் பொறுப்புகளை இயக்கும் நாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தின் நகல் விமானத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்துமிடச் சோதனையில் பைலட்டின் உரிமமே செல்லாததாகத் தோன்றும்.

பணிக்குழுவோடு சேர்த்து வாடகைக்கு எடுத்தால் கணக்கு வேறு. அப்போது வாடகைக்குக் கொடுத்தவரின் ஏஓசிதான் ஓடுகிறது. டிக்கெட்டில் இருக்கும் பெயரை வைத்துப் பொறுப்பை முடிவுசெய்ய முடியாது.

“ஆணையத்த யாரு கேக்குறது? ஏர்லைன்ஸுக்கு வேண்டியவங்களாத்தானே இருப்பாங்க?”

கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஐசிஏஓ 1999 முதல் நாடுகளின் கண்காணிப்புத் திறனையே தணிக்கை செய்கிறது: சட்டம், விதிகள், அமைப்பு, ஆய்வாளர் தகுதி, வழிகாட்டு ஆவணங்கள், சான்றளிப்பு, கண்காணிப்பு, குறை தீர்ப்பு என்று எட்டு அம்சங்கள். அமெரிக்கா தன் நாட்டுக்குப் பறக்கும் நாடுகளின் ஆணையங்களைத் தனியாகத் தரம்பிரிக்கிறது. இரண்டாம் தரத்துக்கு இறங்கினால் இருக்கும் பயணங்கள் தொடரலாம், புதியவை கூடாது. இந்தியா 2014 ஜனவரியில் இறக்கப்பட்டு 2015 ஏப்ரலில் மீண்டது. தாய்லாந்து 2015இல், கடுமையான பாதுகாப்புக் குறை என்பதைக் காட்டும் ஐசிஏஓவின் சிவப்புக் கொடியும் வாங்கி, அமெரிக்கத் தரமும் இழந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2006 முதல் தடைப்பட்டியலே வைத்திருக்கிறது. சில நாடுகளின் எல்லா ஏர்லைன்ஸும் அதில் மொத்தமாக விழுந்ததுண்டு. அங்கே உண்மையில் தோற்றது அந்நாட்டு ஆணையம்.

வேண்டியவர்கள் என்ற சந்தேகம் ஆதாரமில்லாததல்ல. எஃப்ஏஏக்கு ஒருகாலத்தில் விமானத் துறையை ‘ஊக்குவிக்கும்’ கடமையும் சட்டத்தில் இருந்தது. 1996 மே மாதம் ஃபுளோரிடா சதுப்பு நிலத்தில் வேல்யூஜெட் விமானம் விழுந்து 110 பேர் இறந்த பிறகு, அதே ஆண்டு அந்தச் சொல் நீக்கப்பட்டது. ஆனால் லஞ்சத்தைவிடப் பெரிய பிரச்சினை சம்பளம் என்பதே எங்கள் கணிப்பு. ஒரு குறிப்பிட்ட ரகத்தை ஓட்டத் தெரிந்த ஆய்வாளருக்கு ஏர்லைன்ஸ் பல மடங்கு கொடுக்கும். அவர் போனதும் ஆணையம் அதே ஏர்லைன்ஸின் பைலட்டையே கடனாக வாங்கி அவருடைய சகாக்களைச் சோதிக்கச் சொல்கிறது. வடிவமைப்புச் சான்றிலும் இதே கதை: தயாரிப்பாளரின் ஊழியர்களே ஆணையத்தின் சார்பில் கையெழுத்திடும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மேக்ஸ் விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் தோண்டியதும் அதைத்தான்.

“ஏஓசி ரத்தாயிடுச்சுன்னா அந்த விமானங்களும் பைலட்டுகளும் என்ன ஆவாங்க?”

ஏஓசி நிறுவனத்தின் சான்று. அது போனதால் விமானத்தின் பறக்கும் தகுதிச் சான்றோ பைலட்டின் உரிமமோ தானாகச் சாகாது. பயணிகளை ஏற்றிக் காசு வாங்க முடியாது, அவ்வளவுதான். காலி விமானத்தை வாடகை நிறுவனம் ஃபெர்ரி பறப்பாகக் கொண்டுபோகலாம். பராமரிப்புக் கெடு தாண்டியிருந்தால் அதற்குத் தனியாகச் சிறப்புப் பறப்பு அனுமதி வேண்டும்.

ஆனால் நிற்க நிற்க எல்லாம் கெடும். மேலே சொன்ன 90 நாள் கடிகாரம் முதலில் நிற்கும், அடுத்து திறன் சோதனை. விமானத்துக்கு எஞ்சின் உறை மாட்டி, டயரைக் குறித்த இடைவெளியில் சுற்றி, எரிபொருள் தொட்டியில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சம்பளம் வராத பொறியாளர் வரமாட்டார். பராமரிப்புப் பதிவில் இடைவெளி விழுந்தால் எந்தப் பாகம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாத பாகத்தைக் கழற்றி மாற்ற வேண்டியதுதான். நிறுவனம் திரும்ப வர நினைத்தால் பெயரளவுக்குப் புதுப்பித்தல் கிடையாது: பொறுப்பாளர்களில் யார் யார் மிச்சமிருக்கிறார்கள் என்று கேட்பதில் தொடங்கி, காலி விமானத்தில் ஆய்வாளர் சீட்டை நீட்டும் சோதனைப் பயணம்வரை மறுபடி நடத்திக் காட்ட வேண்டும்.